நம்ம ஊரு தாண்டட்டும்

இன்னும் காலை வைக்கவில்லை. மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். அப்படியே திரும்பிப் போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூங்காவனத்துக்கு ஒரு நினைப்பு ஓடியது. ஓடின வேகத்திலேயே அதைப் பிடித்து வாயைப் பொத்தினாள். நல்ல கதையாக இருக்கிறதே! அர்ச்சுனன் தபசு அன்றைக்கு அர்ச்சுனன் மரம் ஏறாமல் திரும்பிப் போனால் ஓலைப்பாக்கம் சும்மா விடுமா? சுற்றுவட்டாரமே ஏரிக்கரை வயலில் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. பட்டாணிக்காரன் வந்துவிட்டான், பலூன்காரன் வந்துவிட்டான், டிராக்டர் டிரெய்லரில் ஏறி நின்று பார்க்கிற கூட்டம் வேறு. நடுவில் அந்தப் பனைமரம். தோப்பிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, வழவழவென்று செதுக்கி, மஞ்சள் பூசி, ஏறுவதற்குக் கட்டைப் படிகள் அடித்து, உச்சியில் ஒரு ஆள் குந்துகிற அளவுக்குப் பரண் கட்டி, வேப்பிலை சுற்றி நட்டு வைத்த மரம். படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே மாசிலாமணி வாத்தியார் இதில் ஏறுவார். உச்சியில் சிவனைப் பூஜிப்பார். பூஜித்த எலுமிச்சம்பழத்தை அங்கிருந்து வீசுவார். மரத்தைச் சுற்றி ஈரப்புடவையோடு மல்லாந்து படுத்திருக்கிற பெண்களில் யார் மடியில் பழம் விழுகிறதோ அவள் வீட்டில் அடுத்த தபசுக்குள் தொட்டில் ஆடும். இது ஊர் நம்பிக்கை. உன் நம்பிக்கையும் இதுதானா என்று பூங்காவனத்தைக் கேட்டால் சட்டென்று பதில் வராது. ஆனால் அங்கே மரத்துக்கு ரொம்பப் பக்கத்தில், மஞ்சள் புடவையில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கிறவள் அவள் பெற்ற மகள் சுகுணா.

மரத்துக்கு ரொம்பப் பக்கத்தில். அந்த இடத்தை நேற்றே அவள்தான் நின்று பார்த்து, "இங்க படுத்துக்கோ, வாத்தியாரு வலது கைக்காரரு, பழம் இந்தப் பக்கந்தான் வந்து விழும்" என்று மகளுக்குச் சொல்லி வைத்தாள். பழம் விழுகிற இடம். பழம் மட்டுந்தான் விழுமா என்று காலையில் பல் விளக்கும்போது ஒரு கேள்வி வந்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். கேள்வி துப்பலோடு போகவில்லை, இதோ இப்போதும் நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறது. சே, என்ன புத்தி இது, நல்ல நாளும் அதுவுமாக. இத்தனை வருஷமாக ஏறுகிற மனிதர். இந்த ஜில்லாவில் மரம் ஏறும் அர்ச்சுனன் கிடைப்பதே குதிரைக்கொம்பு. முகவீணை கீச்சென்று எடுத்தது, மிருதங்கம் சேர்ந்துகொண்டது, வாத்தியார் சலங்கை கட்டிய வலது காலைத் தூக்கி முதல் கட்டையில் வைத்தார். "கோவிந்தா!" என்று கூட்டம் போட்ட சத்தத்தில் ஏரிக் கருவேலத்திலிருந்த கொக்கெல்லாம் கிளம்பியது. வைத்துவிட்டார். இனி என்ன, இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எப்படியாவது நம்ம ஊரு தாண்டட்டும். இதை நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று, ஏனென்றால் இதே வார்த்தையை வேறு இரண்டு பேர் நினைத்திருப்பார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தணிகாசலம் நினைத்திருப்பான். நெல்வேட்டில் கூத்து நடத்துகிறவன், சிமெண்டுக் கடைக்காரன், வெடுவெடுவென்று பேசுவானே தவிர மனசு வெள்ளை. அவன் ஊரில்தான் இந்த வருஷம் முதல் தபசு. முடிந்த கையோடு போன் போட்டான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், பயந்துக்காத. பாதி மரத்துல வாத்தியாருக்குக் கண்ணு இருட்டிக்கினு வந்துடிச்சு. ஒரு கையை விட்டுட்டாருக்கா. அந்தரத்துல அப்டியே ஆடுனாரு. ஜனங்க இன்னாமோ அபிநயம்னு நெனச்சிக்கினு கோவிந்தா போடுது, எனுக்குக் கையும் ஓடல காலும் ஓடல." இதைக் கேட்டுக்கொண்டு பூங்காவனம் என்ன சொன்னாள்? கூத்து வட்டத்துக்கே தலைவி, ஆறு ஊரைக் கட்டி மேய்க்கிறவள், என்ன சொன்னாள்? "வெறும் வயிறு, வெயிலு, விரத அசதி. எறங்கிட்டாரு இல்ல? இளநி வெட்டிக் குடு. கோதண்டத்துக்கிட்ட சொல்லிவுடு, பாத்துக்குவாரு." பாத்துக்குவாரு! என்னத்தைப் பார்ப்பார்? அரியாத்தூர் கோதண்டம் ரிட்டயர்டு கண்டக்டர், எதையும் விசில் ஊதி அடுத்த ஸ்டாப்புக்குத் தள்ளிவிடுகிற மனிதர். அவர் ஊரிலும் வாத்தியார் ஏறினார். அங்கேயும் நடு மரத்தில் நின்றாராம். முந்தாநாள் கோதண்டம் அவளிடம் பேசும்போது அது, "லேசா ஒரு தள்ளாட்டம், மத்தபடி அமோகம்மா, ஜனம் சொக்கிப்போச்சு" என்று ஆகியிருந்தது. நெல்வேட்டில் கை விட்டது, அவள் வாய்க்கு வந்து சேர்ந்தபோது வெறும் அசதி ஆனது, அரியாத்தூரில் தள்ளாட்டம் ஆனது. இத்தனைக்கும் இந்தப் பேச்சை ஏற்படுத்தினவளே அவள். ஒப்படைப்பு என்று அதற்குப் பெயர். ஒரு ஊரில் கூத்து முடிந்ததும் அந்த ஊர்க்காரர் அடுத்த ஊர்க்காரருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும்: திரௌபதி வேஷக்காரருக்கு மோர் ஆகாது, மிருதங்கக்காரரையும் முகவீணைக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போடாதே, பெட்டிகளை மழைக்குத் திறந்த இடத்தில் வைக்காதே. எவ்வளவு பெருமையாக இருந்தது! அதற்கு முன்னால் ஒரே கூத்து ஜமாவை ஒரே நாளைக்கு இரண்டு ஊர் இழுக்கும், பாதி ராத்திரியில் பீமனை மோட்டார் சைக்கிளில் தூக்கிக்கொண்டு போவான்கள், அடிதடி ஆகும். மைக்செட்டு வைத்திருந்த வீட்டுக்காரர் போன பிறகு பெட்டியையும் ஒலிபெருக்கிக் குழாயையும் தானே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவள் பூங்காவனம். ஆறு ஊர்க்காரரையும் ஒரு நாள் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, உப்புமா போட்டு, வட்டம் கட்டினாள். ஒரே ஜமா, வரிசையாக ஊர், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு. எல்லாம் சரி. கைக்குக் கை மாறுகிற அந்த வரிசையில் ஒரு மனிதர் இத்தனூண்டு இத்தனூண்டாகத் தேய்ந்துகொண்டு வருவார் என்று யார் கண்டது. இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. கண்டவள் அவள் ஒருத்திதான். தணிகாசலம் சொன்ன அசல் பேச்சு அவள் காதில்தானே விழுந்தது.

ஏறிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டு, பாட்டு முடிந்து பின்பாட்டு, அப்புறம் அடுத்த கால். வெயில் மேற்கே சாய்ந்து தோளில் கட்டிய புஜக்கட்டைக் கண்ணாடிகளில் பட்டுப் பட்டுத் தெறித்து அவள் கண்ணைக் கூசுகிறது. கழுத்தில் அவள் மாட்டிவிட்ட சின்ன மைக். அதை மாட்டிவிடக் காலையில் கோயில் மண்டபத்துக்குப் போனபோது அவர் கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். பாதி முகம் அர்ச்சுனன், பாதி முகம் மாசிலாமணி. கண்ணாடிக்குள்ளேயே அவளைப் பார்த்து, "என்னம்மா பூங்காவனம், எதனா சொல்லணுமா?" என்றார். ஏன் அப்படிக் கேட்டார்? மைக் மாட்ட வருகிறவளைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? வாம்மா என்பார்கள், டீ சாப்பிட்டியா என்பார்கள். அவள், "ஒண்ணுமில்ல வாத்தியாரே, ஒயரு கழுத்துல உறுத்துதான்னு பாக்க வந்தேன்" என்றாள். அவர் "ஓ" என்றார். அவ்வளவுதான், மறுபடி கண்ணாடிக்குள் போய்விட்டார். அந்த "ஓ" மத்தியானம் சோறு தின்னும்போது தொண்டையில் முள்ளாக நின்றது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. போன வருஷம் தச்சாம்பாளையத்தில் ஏற ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் அருணகிரி, நேற்றுப் பொறுப்புக்கு வந்த பயல், கையைக் கூப்பிக்கொண்டு மரத்தடியில் போய் நின்று, "போதும் வாத்தியாரே, இறங்கி வாங்க" என்றான். இறங்கினார். அருணகிரியே அவர் மணிக்கட்டிலிருந்து காப்புக் கயிற்றை அவிழ்த்தான். மரத்தடியிலேயே பூஜை, மரத்தடியிலிருந்தே பழம். ஊர் முணுமுணுத்தது, அப்புறம் மறந்தது. குடியா முழுகிப்போயிற்று? அழைத்துவந்த ஊர்க்காரர் போதும் என்று காப்பை அவிழ்த்துவிட்டால் தபசுக்குக் குற்றமில்லை, அது பழைய கட்டு. ஆனால் மரத்தடியிலிருந்து வீசின பழம் பலிக்காது என்று பெண்கள் அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். சுகுணாவும் அந்தப் படுக்கையில் கிடந்தாள். அவள் மடியில் அன்றைக்கு எதுவும் விழவில்லை. இந்த வருஷம் சம்பந்தியம்மாள் போனில் சொன்னாள், குரலை உயர்த்தாமல், அதுதான் இன்னும் மோசம்: "ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பாத்தாச்சு, கோயிலுக்கும் போயாச்சு. இந்தத் தபசையும் பாத்துடலாம். அப்புறம் நாங்களும் எங்க பையனுக்கு ஒரு வழி பாக்கணும் இல்லிங்களா." ஒரு வழி. அந்த வழி என்னவென்று பூங்காவனத்துக்குத் தெரியாதா. போன் வைத்த பிறகு சுகுணா கேட்டாள், "எம்மா, வாத்தியாரு இந்த வருஷம் உச்சி வரைக்கும் ஏறுவாரு இல்ல?" ஏறுவாருடி என்றாள். பெற்ற மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. எதை வைத்து? இன்னொருத்தன் காலை வைத்து.

நின்றுவிட்டார்.

நடு மரம். இடது கால் மேல் கட்டையில், வலது கால் கீழ்க் கட்டையில். பாட்டு முடிந்து பின்பாட்டும் முடிந்து, அடுத்த பாட்டை எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை. ஆர்மோனியக்காரர் ஒரு தரம் அதே மெட்டைச் சுற்றி வாசித்தார். மறுபடி சுற்றினார். எடு, எடு, எடுய்யா சாமி. பூங்காவனத்தின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் சுருண்டு இறுகியது, தானே மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. அப்போதுதான் குழாயில் அந்தச் சத்தம் வந்தது. ஹா. ஹா. பாட்டில்லை, வசனமில்லை, மூச்சு. கழுத்து மைக் வஞ்சனையில்லாமல் அதை அள்ளி நாலு குழாயிலும் கொட்டியது, ஏரி அந்தண்டை கரை வரைக்கும் ஒரு கிழ மனிதர் இளைக்கிற சத்தம். டிரெய்லரில் நின்றிருந்த ஒருத்தன் திரும்பிக் குழாயைப் பார்த்தான். அவ்வளவுதான், அவள் கை தானாகப் போய் ஆம்ப்ளிஃபயர் திருகை இடப்பக்கம் திருப்பிற்று. சத்தம் குறைந்தது. குறைந்ததும் ஆர்மோனியம் மேலே வந்து மூடிக்கொண்டது, டிரெய்லர்க்காரன் மறுபடி மரத்தைப் பார்த்தான். ஐயோ, என்ன காரியம் செய்தாய்! என்ன காரியம் செய்தாய் பூங்காவனம்! மனிதர் மூச்சு வாங்குகிறார், நீ சவுண்டைக் குறைக்கிறாய். நெல்வேட்டுப் பேச்சை வாயால் குறைத்தாய், அரியாத்தூர்க்காரரும் வாயால் குறைத்தார், இப்போது நீ கையாலேயே குறைத்துவிட்டாய். காது மட்டும் அவளுக்கு ஏமாறவில்லை, ஹெட்போனில் அது அப்படியே வந்துகொண்டிருந்தது, அவர் மூச்சு அவள் காதுக்குள்ளே, பக்கத்தில் படுத்திருக்கிற ஆள் மூச்சுபோல. வீட்டுக்காரர் கடைசியில் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் விட்டார். அதை நினைக்காதே, இப்போது அதை நினைக்காதே. மேஜையில் அறிவிப்பு மைக் கிடக்கிறது, கறுப்பு, தலையில் சிவப்புப் பஞ்சு. கட்டைவிரலால் ஸ்விட்சை மேலே தள்ளினால் போதும். போதும் வாத்தியாரே, இறங்கி வாங்க. நாலு வார்த்தை. கை மைக்கின் மேல் போய் உட்கார்ந்தது. மைக் வெயிலில் சுட்டது. இப்போது சொன்னால் என்ன ஆகும்? கூட்டம் திரும்பிப் பார்க்கும். ஏன், எதுக்கு, யாரு சொன்னது என்று சத்தம் எழும். அந்தச் சத்தத்தில் அவர் திரும்பிப் பார்த்தால், திரும்பின வேகத்தில் தலை சுற்றினால்? சரி, ஆகையால் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆகையால்! எவ்வளவு சீக்கிரம் ஒரு ஆகையால் கிடைத்துவிடுகிறது பார். உண்மையைச் சொல்லேன், யாருக்குக் கேட்கப் போகிறது. சொன்னால் பழம் மரத்தடியிலிருந்து வரும். சுகுணா எழுந்து உட்கார்ந்து, ஈரத் தலையோடு, கூட்டத்துக்கு நடுவில் அம்மாவைத் தேடுவாள். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு மனிதரை அந்தரத்தில் நிற்க விட்டிருக்கிறாய், அவர் விழுந்தாலும் அந்தப் பெண் மேலேயே விழுகிற மாதிரி இடமும் பார்த்துப் படுக்க வைத்திருக்கிறாய். கட்டைவிரல் ஸ்விட்சில் அழுந்தியது. அழுந்தி, தள்ளாமல் நின்றது. தள்ளு. ஒரு தரம், ஒரே தரம் தள்ளு. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கிக் கரித்தது, துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியவில்லை. அம்மா திரௌபதி, தாயே, என்னை ஒரு நல்ல மனுஷியாக ஆக்கிவிடேன் இந்த ஒரு நிமிஷத்துக்கு, அப்புறம் எப்படியோ போகட்டும். ஹெட்போனில் மூச்சு ஒரு தரம் நின்றது. அப்புறம், எங்கேயோ பாதாளத்திலிருந்து வருகிறாற்போல, அவர் அடுத்த பாட்டை எடுத்தார்.

"கோவிந்தா!" பின்பாட்டுக்காரர்கள் உயிர் வந்தாற்போலப் பிடித்துக்கொண்டார்கள். பூங்காவனம் திருகை மெல்ல வலப்பக்கம் திருப்பினாள், திருடின சாமானை எடுத்த இடத்தில் வைக்கிறவள்போல. ஏறினார். இனிக் காலைத் தவிர அவள் எதையும் பார்க்கவில்லை. ஜனங்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள், உச்சியில் அவர் பூஜைக்கு உட்கார்ந்ததும் கருடன் வட்டமிடும் என்று. "அதோ, அதோ!" என்று ஒரு பக்கம் கை நீண்டது. யாருக்கு வேண்டும் கருடன். பரணின் ஓரத்தில் தொங்குகிற அந்த இரண்டு கால்கள், செம்பஞ்சு தீட்டின பாதங்கள், இடது காலின் சலங்கை மட்டும் விடாமல் நடுங்கி ஒரு சின்னச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது, ஹெட்போனில் கேட்டது. மணி அடித்தார். கற்பூரம் காட்டினார். வீசினார். கீழே ஒரு அலறல், ஒரு நெரிசல், பெண்கள் குரல், விபூதி புகையாக இறங்கியது. பழம் எங்கே விழுந்தது, யார் மடியில் விழுந்தது? அவள் பார்க்கவில்லை. எதற்காக இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, எதற்காக ஒரு மனிதர் மூச்சைத் திருகி மூடினாளோ, அது நடந்த நேரத்தில் அவள் கண் இரண்டும் பரணின் ஓரத்தில் கிடந்தது. இறங்குவதுதான் கஷ்டம். ஏறுகிறவனுக்குக் கட்டை கண்ணில் தெரியும், இறங்குகிறவன் காலால் தேட வேண்டும். தேடினார். கிடைக்காமல் காற்றில் துழாவினார். கிடைத்தது. இன்னொன்று. இன்னொன்று. கீழே இருந்து இரண்டு ஆள் கையை உயர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பூங்காவனம் மைக்கை விட்டாள். கட்டைவிரலில் ஸ்விட்சின் பள்ளம் சிவப்பாகப் பதிந்திருந்தது. தாண்டிவிட்டது. நம்ம ஊரு தாண்டிவிட்டது. எழுந்து நின்றாள், மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

வாத்தியாரை மண்டபத்து நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். கிரீடத்தைக் கழற்றியிருந்தார். அரிதாரத்தில் வியர்வை ஓடின இடமெல்லாம் கோடு கோடாகச் சொந்தத் தோல் தெரிந்தது. பூங்காவனம் இளநீரை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கினார், பாதி மார்பில் கொட்டியது. மற்றவர்களை அவள் விரட்டிவிட்டாள்.

"நடுவுல நின்னுட்டீங்களே வாத்தியாரே."

"நின்னேன்."

"கண்ணு இருட்டிச்சா?"

"நெல்வேட்டுக்கு முந்திலேர்ந்தே இருட்டுது." இளநீர் ஓட்டைப் பக்கத்தில் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பூங்காவனத்துக்குத் தாங்கவில்லை. "காப்புக் கட்டுனவன் நானா ஏறமாட்டேன்னு வாயால சொல்லக் கூடாதும்மா. அது உனுக்குத் தெரியாததா? கூட்டிக்கினு வந்தவங்க சொல்லலாம். அதான் அரிதாரம் பூசறப்பவே தணிகாசலத்தைக் கேட்டேன், எதனா சொல்லணுமாப்பான்னு. இல்லன்னான். கீழ வந்தப்புறம் அவன் மூஞ்சியப் பாத்தேன், புரிஞ்சிப்போச்சு அவனுக்கு. சரி, அடுத்த ஊருக்குச் சொல்லுவான்னு நெனச்சேன். கோதண்டத்தையும் கேட்டேன். காலைல உன்னையும் கேட்டேன்."

கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்த அந்தக் கண். அந்த "ஓ." மூன்று ஊரிலும் இவர் வாசலில் பிச்சைக்காரன்போல நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார், தணிகாசலமாவது தெரியாமல் இல்லை என்றான், மற்ற இரண்டு பேரும் உள்ளே வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஏறியிருக்கிறார். குழாயில் தன் மூச்சு வந்ததையும், வந்தது சட்டென்று அமுங்கிப் போனதையும் அவர் அந்தரத்தில் நின்று கேட்டிருப்பாரா? கேட்கத் தைரியம் வரவில்லை.

"எம்மா!" சுகுணா ஓடி வந்தாள். தலையிலும் முதுகிலும் சேறு, புடவை உடம்போடு ஒட்டிக் கிடந்தது, முந்தானையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். "விழுந்துச்சும்மா! நேரா மடியிலம்மா! நீ சொன்ன எடத்துலயே!" முந்தானையைத் திறந்து காட்டினாள். மஞ்சளாக, சின்னதாக, ஒரு பக்கம் நசுங்கின எலுமிச்சம்பழம். மகள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், வாத்தியார் காலில் விழுந்தாள். அவர் கையை அவள் தலையில் வைத்து, "நல்லா இரும்மா" என்றார். பூங்காவனத்துக்கும் சந்தோஷம் வரத்தான் செய்தது. வந்த சந்தோஷம் உள்ளே நுழைய இடமில்லாமல் வாசலிலேயே நின்றது. அந்தப் பழத்தை அவளால் தொட முடியவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அருணகிரி. ஒப்படைப்புக்குத்தான் கூப்பிடுகிறான், நாளை மறுநாள் தச்சாம்பாளையத்தில் தபசு. மண்டபத்து ஓரமாக ஒதுங்கலாம் என்று ஒரு அடி வைத்தவள் நின்றாள். ஒதுங்காமல், வாத்தியாருக்கும் மகளுக்கும் எதிரிலேயே போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா! எறங்கிட்டாரா? எப்டி, ஜோரா?"

அமோகம், ஜனம் சொக்கிப்போச்சு, லேசா அசதி, கொஞ்சம் பாத்துக்கோ. எல்லாம் நாக்கு நுனியில் தயாராக, வரிசையாக நின்றது.

"அருணகிரி, உங்க ஊரு மரத்தை எறக்கிடு."

"இன்னாக்கா சொல்ற? மரம் நட்டு மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு."

"எறக்கு. வாத்தியாருக்கு மூணு ஊராக் கண்ணு இருட்டுது. நெல்வேட்டுல கைய விட்டுட்டாரு. இங்க நடு மரத்துல மூச்சு நின்னுபோச்சு. இனிமே எந்த ஊர்லயும் ஏற மாட்டாரு. மரத்தடியிலயே பூஜை வச்சுக்கோ."

அவன் கேட்டான், மெதுவாகத்தான் கேட்டான். "நெல்வேட்டுலேர்ந்தே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேதான் உங்க ஊர்ல ஏத்துனியா?"

"ஆமா."

"உன் பொண்ணு படுத்திருந்துச்சே, பழம் விழுந்துச்சா?"

சுகுணா முந்தானையைப் பொத்திக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"விழுந்துச்சு."

"ஓகோ. உன் வீட்டுக்குப் பழம் விழுந்தாச்சு, உன் ஊரும் தாண்டியாச்சு, இப்ப எங்க ஊர்ல மரத்தை எறக்கணும். இங்க என் தங்கச்சி மூணு நாளா விரதம் இருக்குதுக்கா. ஊர்ல கேட்டா நான் இன்னான்னு சொல்லட்டும்?"

பூங்காவனம் கண்ணை மூடவில்லை.

"இப்ப நீ சொன்னியே, அப்டியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாத. நம்ப மாட்டாங்கன்னா நாளைக்கு நானே மைக்செட்டோட வந்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். ஆனா மரத்தை எறக்கு."

அவன் வைத்துவிட்டான். இறக்குவானா மாட்டானா, சொல்லாமலே வைத்துவிட்டான். வாத்தியார் காப்புக் கயிறு கட்டின கையை மடியிலிருந்து எடுத்து, பூங்காவனத்தின் பக்கம் நீட்டினார்.